பிரவுசருக்குள் ஒரு துப்பாக்கிச் சண்டை

சில விளையாட்டுகளுக்கு சி.டி. கிடையாது, அட்டைப்பெட்டி கிடையாது, விலைச் சீட்டும் கிடையாது. பிரவுசரைத் திறந்து முகவரியை அடித்தால் ஒரு சின்னப் பட்டை மெதுவாக நிரம்பும். நூறு சதவீதம் ஆனதும் 'ப்ளே' என்று ஒரு பட்டன். அம்புக்குறிகளை அழுத்தினால் நகரும், மவுஸைக் க்ளிக்கினால் சுடும். பாடம் அவ்வளவுதான். கம்ப்யூட்டர் லேபில் வாத்தியார் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும்போதும், பிரவுசிங் சென்டரில் மிச்சமிருக்கும் பத்து நிமிடத்திலும், ஆபீசில் மேனேஜர் டீ குடிக்கப் போன இடைவெளியிலும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான பேர் ஆடிய ஆட்டங்கள் இவை.

இவற்றுக்கு 'கேஷுவல் கேம்ஸ்' என்று பெயர். அதாவது பொழுதுபோக்காக ஆடிவிட்டு மூடிவிட்டுப் போவது. மூடியபிறகு அந்த ஆட்டம் எங்கே போகிறது, அதை யார் செய்தார்கள், அவர்களுக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுப் பார்த்தால் ஒரு விசித்திரமான சங்கதி தெரிகிறது. இந்தச் சுடும் ஆட்டங்களில் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டவை பல அழிந்துவிட்டன. கண்டபடி காப்பி அடிக்கப்பட்டவை பிழைத்துவிட்டன. அது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை.

பிரவுசருக்கு முன்னால்

கம்ப்யூட்டரில் சுடுவது பிரவுசரைவிட வயதான பழக்கம். 1962-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை எழுதினார்கள். திரையின் நடுவில் ஒரு நட்சத்திரம். அதன் ஈர்ப்பு விசையில் சிக்காமல் இரண்டு விண்கலங்கள் ஒன்றை ஒன்று சுட வேண்டும். அது ஓடிய பி.டி.பி.-1 கம்ப்யூட்டரின் விலை 1,20,000 டாலர். அவ்வளவு விலையுள்ள மெஷினை வீட்டில் வாங்கி வைப்பவர் யார்? அதனால் ஆட்டத்தை விற்க வழியே இல்லை. காகித நாடாவில் காப்பி எடுத்து, பி.டி.பி.-1 இருந்த மற்ற இடங்களுக்கும் கொண்டு போனார்கள். அந்தக் கம்ப்யூட்டரைத் தயாரித்த டி.இ.சி. நிறுவனமே புது மெஷின் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க இந்த ஆட்டத்தைப் பயன்படுத்தியது.

காசு உள்ளே வந்தது பிறகுதான். 1978-ல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக தோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்', காசு போட்டு ஆடும் பெட்டியில் வந்தது. 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேரின் 'டூம்' வேறு ஒரு தந்திரம் செய்தது. முதல் பாகத்தை இலவசமாக எங்கும் பரப்பிவிட்டு, மீதிப் பாகங்களைக் காசுக்கு விற்றது. காப்பி எடுப்பவனைத் திருடன் என்று துரத்தாமல் விளம்பரத் தூதராக்கிய ஐடியா இது. பிற்பாடு பிரவுசர் ஆட்டங்களுக்கும் இதே கேள்விதான் வந்தது: காப்பி அடிப்பவன் எதிரியா, ஏஜெண்டா?

கொஞ்சம் ப்ளாஷ்பேக்

தலைப்பில் சிலேடை இருக்கிறது. பிரவுசர் ஆட்டங்களின் கதை என்பது பெரும்பகுதி 'ப்ளாஷ்' என்ற சாஃப்ட்வேரின் கதைதான்.

1993-ல் ஜொனதன் கே என்ற அமெரிக்க புரோகிராமர் நண்பரோடு சேர்ந்து ஃப்யூச்சர்வேவ் என்ற சின்னக் கம்பெனி ஆரம்பித்தார். பேனாவால் திரையில் எழுதும் கம்ப்யூட்டர்கள் வரப்போகின்றன, அதில் படம் வரைய ஒரு சாஃப்ட்வேர் வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. அந்தப் பேனாக் கம்ப்யூட்டர் சந்தையில் எடுபடவே இல்லை. கையில் இருந்த சாஃப்ட்வேரை இணையத்துக்காகத் திருப்பி, அசையும் படம் செய்யும் கருவியாக்கி, 1996-ல் 'ஃப்யூச்சர்ஸ்ப்ளாஷ் அனிமேட்டர்' என்று வெளியிட்டார்கள். அந்த வருட டிசம்பரிலேயே மேக்ரோமீடியா நிறுவனம் ஃப்யூச்சர்வேவை வாங்கியது. பெயரைச் சுருக்கி 'ப்ளாஷ்' ஆக்கியது.

ப்ளாஷின் பலம் அதன் எடை. சாதாரணப் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியாகச் சேமிக்க வேண்டும். ப்ளாஷ் அப்படிச் செய்யவில்லை. ஒரு சிவப்பு வட்டம் என்றால் 'மையம் இங்கே, ஆரம் இவ்வளவு, நிறம் சிவப்பு' என்ற குறிப்பை மட்டும் அனுப்பும். வட்டத்தை வரையும் வேலை பார்ப்பவரின் கம்ப்யூட்டருடையது.

இது ஏன் முக்கியம் என்று புரிய, டயல்-அப் காலத்துக்குப் போக வேண்டும். 56 கே மோடம் முழு வேகத்தில் ஓடினாலே நொடிக்கு 7 கிலோபைட்தான் வரும். ஒரு சி.டி. அளவு ஆட்டத்தை, அதாவது 650 மெகாபைட்டை, அதில் இறக்க ஒரு நாளுக்கு மேல் ஆகும். நடுவில் வீட்டில் யாராவது போனை எடுத்தால் அதுவும் போச்சு. ஆனால் 500 கிலோபைட் ப்ளாஷ் ஆட்டம் ஒன்றேகால் நிமிடத்தில் வந்துவிடும். அந்த ஒன்றேகால் நிமிடப் பொறுமையின் மேல்தான் ஒரு தொழிலே கட்டப்பட்டது.

ஆரம்பத்தில் ப்ளாஷ் கார்ட்டூனுக்கான கருவி மட்டுமே. ஆட்டம் என்றால் ஸ்கோர் வேண்டும், உயிர் எத்தனை மிச்சம் என்ற கணக்கு வேண்டும், குண்டு பட்டதா இல்லையா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் அதில் வசதி இல்லை. 2000-ல் வந்த ப்ளாஷ் 5-ல்தான் 'ஆக்ஷன்ஸ்கிரிப்ட்' என்ற முழு புரோகிராமிங் மொழி சேர்ந்தது. படம் வரையத் தெரிந்தவனும் கொஞ்சம் கோடு எழுதத் தெரிந்தவனும் கைகோத்தால் ஒரு ஆட்டம் தயார் என்கிற நிலைமை வந்தது.

வாசலில் காவலாளி இல்லாத வீடு

ஆட்டம் தயாரானால் போதுமா? வைக்க இடம் வேண்டுமே. டாம் ஃபல்ப் என்ற அமெரிக்க இளைஞர் 1995-லேயே ஒரு சொந்த இணையதளம் நடத்திக்கொண்டிருந்தார். அதுதான் 'நியூகிரவுண்ட்ஸ்' ஆனது. 1999-ல் அவர் செய்த 'பிகோஸ் ஸ்கூல்' ப்ளாஷ் 3-ல் உருவானது. புரோகிராமிங் வசதி சரியாக இல்லாத அந்தக் கருவியை வளைத்து வளைத்து ஒரு முழு ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். இதைக்கூடச் செய்ய முடியுமா என்று பலரை ப்ளாஷ் பக்கம் திரும்ப வைத்த ஆட்டம் அது.

2000-ல் அந்தத் தளத்தில் 'போர்ட்டல்' வந்தது. யார் வேண்டுமானாலும் ப்ளாஷ் ஃபைலை ஏற்றலாம். ஆசிரியர் குழு கிடையாது, தேர்வுக் குழு கிடையாது. பார்க்கிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டு மிகக் குறைந்தால் ஃபைல் தூக்கப்படும், தேறினால் நிற்கும். யூட்யூப் வருவதற்கு ஐந்து வருடம் முன்பே நடந்த விஷயம் இது. குப்பையும் நிறைய வந்தது. குச்சி மனிதர்கள் குச்சி மனிதர்களைச் சுடும் ஆட்டங்கள் மட்டும் எத்தனை வந்தன என்று எண்ணி மாளாது. வீட்டில் உட்கார்ந்து செய்யும் பள்ளிப் பையனுக்கு மிகச் சுலபமாகக் கைவரும் ஆட்டமும் அதுதான். கதை வேண்டாம், வசனம் வேண்டாம். ஒரு துப்பாக்கி, ஒரு குறி, நிற்காமல் வரும் எதிரிகள் போதும்.

அந்தக் குவியலில் இருந்து 2002 ஆகஸ்டில் மேலே வந்தது 'ஏலியன் ஹோமினிட்'. கோடு ஃபல்ப், படம் டான் பலாடின். பூமியில் விழுந்துவிட்ட ஒரு மஞ்சள் நிற வேற்றுக்கிரகக் குட்டி, துரத்தி வரும் எஃப்.பி.ஐ. ஏஜெண்டுகளைச் சுட்டுக்கொண்டே ஓட வேண்டும். ஒரு குண்டு பட்டால் ஆள் காலி. ஆனால் படங்கள் கையால் வரைந்த கார்ட்டூன் போல அவ்வளவு உயிரோட்டமாக இருந்தன.

பலாடினோடு வேலை பார்த்த ஜான் பேஸ் என்பவர் இந்த ஆட்டத்தின் ரசிகர். இதை டிவியில் ஆடும் கேமாகச் செய்யலாமே என்று அவர்தான் கிளப்பிவிட்டார். 2003-ல் 'தி பெஹிமத்' என்ற கம்பெனி பிறந்தது. 2004 நவம்பரில் பிளேஸ்டேஷன் 2, கேம்க்யூப் இரண்டிலும் ஏலியன் ஹோமினிட் கடைக்கு வந்தது. பிரவுசரில் ஓசியில் ஆடிய ஒரு ஆட்டம், பெட்டி போட்டு விலை ஒட்டிக் கடை அலமாரியில் நின்றது. பிரவுசரில் பெயர் வாங்கு, வெளியே போய்க் காசு வாங்கு என்ற பாதையை முதலில் போட்டவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள்.

ஜெயிக்கவே முடியாத ஆட்டம்

சுடும் ஆட்டங்கள் பற்றிப் பேசும்போது ஒரு நெருடல் எப்போதும் கூடவே வரும். யாரைச் சுடுகிறோம்? 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்கத் தளங்களில் பின்லேடனைச் சுடும் ப்ளாஷ் ஆட்டங்கள் மழைக்கால ஈசல் மாதிரி வந்தன. செய்வதற்கு ஒரு நாள் போதும் என்பதால் செய்தித்தாளில் வந்த கோபம் மறுநாளே ஆட்டமாக வந்துவிடும்.

இதற்கு ஒரு பதில் தென் அமெரிக்காவில் இருந்து வந்தது. உருகுவே நாட்டின் கான்சாலோ ஃப்ராஸ்கா 2003-ல் 'செப்டம்பர் 12' என்ற ஆட்டத்தை வெளியிட்டார். மேலே இருந்து பார்த்தால் மத்தியக் கிழக்கு ஊர் ஒன்றின் கடைத்தெரு. பெண்கள், குழந்தைகள், நாய்கள் நடமாடுகிறார்கள். நடுவில் துப்பாக்கியோடு சில தீவிரவாதிகள். ஆடுபவர் கையில் ஒரு குறி. க்ளிக்கினால் ஏவுகணை. ஆனால் ஏவுகணை போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதற்குள் அந்த இடத்துக்கு வேறு யாராவது வந்துவிடுவார்கள். வீடுகள் இடியும், சாதாரண ஜனங்கள் சாவார்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பிணத்தின் அருகே உட்கார்ந்து அழுவார்கள். அழுது முடித்ததும் அவர்களில் சிலர் தீவிரவாதிகளாக மாறி எழுந்து நிற்பார்கள்.

சுடச் சுடக் கூட்டம் கூடுமே தவிரக் குறையாது. ஸ்கோர் இல்லை, முடிவும் இல்லை. சுடாமல் விட்டால் ஊர் மெல்ல மெல்ல அமைதியாகும். ஒரு தலையங்கம் செய்ய வேண்டிய வேலையை இந்தச் சின்ன ஆட்டம் செய்தது. 2009-ல் அமெரிக்காவின் நைட் ஃபவுண்டேஷன் இதற்கு விருது கொடுத்தது. பிரவுசர் ஆட்டம் செய்ய ஆகும் செலவு குறைவு என்பதால்தான் இப்படி ஒரு ஆட்டம் சாத்தியமானது. கோடிக்கணக்கில் முதலீடு போட்ட எந்தக் கம்பெனி, ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தைக் கடைக்கு அனுப்பும்?

ஓசிக்கு யார் பில் கட்டினார்கள்?

இனி வரவு செலவுக்கு வருவோம். ஆடுபவர் காசு தரவில்லை என்றால் யாரோ ஒருவர் தந்தாக வேண்டும்.

முதல் வழி, ஸ்பான்சர். 2001-ல் பிரிட்டனில் தொடங்கிய மினிக்ளிப், அமெரிக்காவின் ஆர்மர் கேம்ஸ் போன்ற தளங்கள், ஆட்டம் செய்தவருக்கு ஒரு தொகை கொடுக்கும். பதிலுக்கு ஆட்டம் திறக்கும்போது தளத்தின் சின்னம் வரும். உள்ளே 'இன்னும் ஆட்டங்கள்' என்ற பட்டன் இருக்கும். பட்டனை அழுத்தினால் தளத்துக்குப் போகும். ஆக, ஒருவர் அந்த ஃபைலைத் திருடித் தன் தளத்தில் போட்டால்கூட ஸ்பான்சருக்கு லாபம்தான். திருடியவரின் தளத்துக்கு வருபவர்களும் பட்டனை அழுத்தி இங்கே வருவார்கள். டூம் கற்றுக்கொடுத்த பாடம் இங்கே அப்படியே உதவியது.

இரண்டாவது வழி, ஆட்டத்துக்குள் விளம்பரம். 2005-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் தொடங்கிய மோச்சி மீடியா, ஆட்டம் லோடாகும் அந்தச் சில நொடிகளில் விளம்பரம் காட்டும் வசதியைத் தந்தது. ஆட்டம் எந்தத் தளத்தில் ஓடினாலும் விளம்பரக் காசில் பங்கு செய்தவருக்கு வரும். 2006-ல் ஜிம் க்ரியரும் அவர் தங்கை எமிலி க்ரியரும் தொடங்கிய காங்ரிகேட், தளத்தின் விளம்பர வருமானத்தில் கால் பங்கு முதல் பாதி வரை ஆட்டம் செய்தவருக்குக் கொடுத்தது.

மூன்றாவது வழி, பூட்டு. சில தளங்கள் 'இந்த ஆட்டம் எங்களிடம் மட்டும்தான் இருக்க வேண்டும்' என்று கூடுதல் காசு கொடுக்கும். அப்போது ஆட்டத்துக்குள் 'சைட்லாக்' என்ற கோடு போடுவார்கள். ஆட்டம் திறந்ததும் தான் எந்த முகவரியில் ஓடுகிறோம் என்று பார்க்கும். வேறு முகவரி என்றால் ஓடாது.

இந்த மூன்று வழிகளும் சேர்ந்து பல இளைஞர்களுக்குச் சோறு போட்டன. ஆனால் எல்லாமே அடுத்தவர் நிலத்தில் போட்ட பந்தல். ப்ளாஷ் மேக்ரோமீடியாவுடையது, 2005-க்குப் பிறகு அடோபியுடையது. விளம்பரம் மோச்சியுடையது. 2010-ல் மோச்சியைச் சீனாவின் ஷாண்டா கேம்ஸ் 8 கோடி டாலருக்கு வாங்கியது. 2014 மார்ச் 31-ல் இழுத்து மூடியது. மோச்சியின் சர்வரில் ஸ்கோர் பட்டியல் வைத்திருந்த ஆட்டங்களில் அந்தப் பட்டியல்கள் காணாமல் போயின. முதலிடத்துக்காக ராத்திரி பகலாக ஆடியவர்களின் பெயர்களும் அதோடு போச்சு.

பெரிய கம்பெனியும் இறங்கிப் பார்த்தது

பிரவுசரில் ஓடுவது எல்லாம் சின்னப் பையன் வேலை என்ற எண்ணத்தை உடைக்க ஒரு பெரிய கம்பெனி முயன்றது. டூம் செய்த அதே ஐடி சாஃப்ட்வேர்தான். 1999-ல் வந்த 'க்வேக் 3 அரீனா'வை அடிப்படையாக வைத்து 'க்வேக் லைவ்' என்று பிரவுசருக்குள் கொண்டுவந்தது. 2009 பிப்ரவரியில் சோதனைக்காக எல்லோருக்கும் திறந்துவிட்டபோது உள்ளே நுழையவே வரிசையில் காத்திருக்க வேண்டிய கூட்டம். 2010 ஆகஸ்டில் முறையாக வெளிவந்தது.

ஆட்டம் இலவசம். மைதானச் சுவர்களில் விளம்பரப் பலகைகள் வைத்து அதில் சம்பாதிப்பது திட்டம். அந்த வரும்படி மட்டும் போதவில்லை. அதனால் மாதச் சந்தா திட்டங்களும் சேர்ந்தன.

இன்னொரு சிக்கலும் இருந்தது. க்வேக் லைவ் பிரவுசரில் ஓடத் தனி பிளக்-இன் வேண்டும். 2013 செப்டம்பரில் கூகுள், க்ரோம் பிரவுசரில் அந்த வகை பிளக்-இன்களைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அறிவித்தது. பாதுகாப்பு ஓட்டைகள், அடிக்கடி உறைந்துபோவது என்று காரணங்கள் நியாயமானவைதான். ஆனால் பந்தல் போட்டவருக்கு நிலத்துக்காரர் கொடுத்த நோட்டீஸ் அது. அந்த டிசம்பரில் க்வேக் லைவ் பிரவுசரை விட்டு வெளியேறித் தனி சாஃப்ட்வேர் ஆனது. 2014-ல் ஸ்டீம் கடைக்குப் போனது. 2015 அக்டோபரில் இலவசமும் முடிந்தது. விலை 10 டாலர். 'பிரவுசரில், இலவசமாக' என்று வந்த ஆட்டம் ஆறே முக்கால் வருடத்தில் பிரவுசரும் இல்லாமல் இலவசமும் இல்லாமல் நின்றது.

ஒரு கடிதம், ஒரு சாவு

ப்ளாஷுக்கு எமன் போன் வடிவில் வந்தது. 2007-ல் வந்த ஐபோனில் ப்ளாஷ் இல்லை. 2010 ஏப்ரலில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஏன் இல்லை என்று வெளிப்படையாக ஒரு கடிதமே எழுதினார். ப்ளாஷ் ஒரே கம்பெனியின் சொத்து, பாதுகாப்புக் குறைவு, பேட்டரியைத் தின்கிறது என்பவை அவர் சொன்ன குற்றச்சாட்டுகளில் சில. ப்ளாஷ் மவுஸுக்காகச் செய்யப்பட்டது, விரலுக்காக அல்ல என்பது இன்னொன்று.

சுடும் ஆட்டங்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் ரொம்பவே பொருந்தும். மவுஸில் க்ளிக்காமலேயே குறியை நகர்த்தலாம், சரியான நேரத்தில் க்ளிக்கலாம். தொடுதிரையில் விரல் பட்டாலே க்ளிக்தான். குறி பார்ப்பது வேறு, சுடுவது வேறு என்ற பிரிவே அங்கு இல்லை. போதாததற்கு விரலே எதிரியை மறைக்கும்.

2011 நவம்பரில் போன்களுக்கான ப்ளாஷை அடோபி கைவிட்டது. 2017 ஜூலையில் மொத்தமாக மூடும் தேதியை அறிவித்தது. 2020 டிசம்பர் 31-ல் ஆதரவு முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ப்ளாஷ் பிளேயர் தானே எந்த ஃபைலையும் ஓட்ட மறுத்தது. இருபது வருடமாகச் சேர்ந்த ஆட்டங்கள், ஒரே நாளில், வெறும் சாம்பல் கட்டங்கள்.

டாட் ஐஓ காலம்

ப்ளாஷ் சாகும்போதே பிரவுசர்கள் தாமே வலுவாகிவிட்டன. 2011 மார்ச்சில் வெப்ஜிஎல் வந்தது. பிளக்-இன் இல்லாமலேயே முப்பரிமாணக் காட்சி. அதே வருடம் டிசம்பரில் வெப்சாக்கெட் நெறிமுறை இறுதியானது. சர்வரும் பிரவுசரும் ஒரு நொடிக்குப் பலமுறை பேசிக்கொள்ள வழி கிடைத்தது. முன்பு மெஷினோடு தனியாக ஆடியவர்கள் இனி உலகத்தோடு ஆடலாம்.

2015-ல் பிரேசிலைச் சேர்ந்த மத்தேயுஸ் வலதாரஸ் என்ற பத்தொன்பது வயது இளைஞர் 'அகார்.ஐஓ' வெளியிட்டார். அது வட்டங்கள் வட்டங்களை விழுங்கும் ஆட்டம். 2016-ல் அவரே செய்த 'டீப்.ஐஓ' டாங்கிகள் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். பிறகு வரிசையாக வந்தன. முட்டைகள் துப்பாக்கி ஏந்தும் 'ஷெல் ஷாக்கர்ஸ்', மேலிருந்து பார்க்கும் 'சர்வைவ்.ஐஓ' இரண்டும் 2017-ல். நிஜ மல்டிபிளேயர் ஷூட்டர் வேகத்தோடு 'க்ரங்கர்.ஐஓ' 2018-ல்.

இந்த 'ஐஓ' என்ற பெயருக்குப் பின்னால் ஒரு நிலம் இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம் என்ற சாகோஸ் தீவுகளின் இணையக் குறியீடு அது. அங்குள்ள டியகோ கார்சியாவில் அமெரிக்க ராணுவத் தளம் அமைப்பதற்காக, 1968-க்கும் 1973-க்கும் இடையில் அந்தத் தீவுகளின் மக்கள் அனைவரையும் பிரிட்டன் வெளியேற்றியது. 2021 அக்டோபரில் கனடா போக முயன்ற ஈழத் தமிழ் அகதிகளின் படகு ஒன்று பழுதாகி அங்கேதான் கொண்டுபோகப்பட்டது. மூன்று வருடங்களுக்கு மேல் அங்கே முகாமில் அடைந்து கிடந்தார்கள். அவர்களைத் தடுத்து வைத்தது சட்டவிரோதம் என்று 2024 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. தீவுகளின் உரிமையை மொரீஷியஸுக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது. யூகோஸ்லாவியா என்ற நாடு போனபிறகு அதன் '.யூ' குறியீடும் 2010-ல் நீக்கப்பட்டது. பிரவுசர் ஆட்டங்களுக்குப் பெயர்கூட இரவல்தான், அதுவும் ஆட்களைத் துரத்திவிட்டு எடுத்த நிலத்தின் பெயர்.

ஐஓ ஆட்டங்களின் செலவுக் கணக்கும் ப்ளாஷ் காலத்துக் கணக்கும் அடியோடு வேறு. ப்ளாஷ் ஆட்டம் ஒருமுறை இறங்கிவிட்டால் ஆடுபவரின் கம்ப்யூட்டரிலேயே ஓடும், செய்தவருக்குப் பிறகு செலவில்லை. ஐஓ ஆட்டத்தில் குண்டு பட்டதா இல்லையா என்பதைச் சர்வர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆடுபவரின் கம்ப்யூட்டரிடம் அந்த முடிவை விட்டால் எல்லோரும் ஏமாற்றுவார்கள். அமெரிக்காவில் இருக்கும் சர்வருக்குச் சென்னையிலிருந்து போய்த் திரும்பவே ஏறக்குறைய கால் நொடி ஆகும். சுடும் ஆட்டத்தில் கால் நொடி என்பது செத்துப்போகப் போதுமான நேரம். அதனால் கண்டத்துக்குக் கண்டம் சர்வர் வைக்க வேண்டும். பத்துப் பேர் ஆடினாலும் பத்தாயிரம் பேர் ஆடினாலும் அவை எரிந்துகொண்டே இருக்க வேண்டும். வாடகை மாதாமாதம். விளம்பர வரவு அந்த வாடகைக்குக் கீழே போகும் நாளில் ஆட்டத்தின் கதை முடிந்தது.

சர்வைவ்.ஐஓவுக்கு அந்த நாள் வந்தது. இரண்டு பேர் சேர்ந்து ஆரம்பித்த அந்த ஆட்டத்தைப் பின்னர் காங்ரிகேட் வாங்கியது. 2023-ல் மூடியது. அதில் வாங்கிய பொருட்கள், சேர்த்த புள்ளிகள், நண்பர்கள் பட்டியல் எதுவும் மிஞ்சவில்லை.

எது பிழைத்தது?

2018-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பென் லாட்டிமோர் 'ப்ளாஷ்பாயிண்ட்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். ப்ளாஷ் மூடப்படும் முன் கிடைக்கும் ஆட்டங்களை எல்லாம் சேர்த்து வைப்பது நோக்கம். சம்பளம் இல்லாத தொண்டர்கள் உலகம் முழுவதும் சேர்ந்தார்கள். இன்று அதில் 1,50,000-க்கும் மேற்பட்ட ஆட்டங்களும் அனிமேஷன்களும் இருக்கின்றன. இன்னொரு பக்கம் 'ரஃபிள்' என்ற திட்டம், அடோபியின் கோடு எதையும் எடுக்காமல் ப்ளாஷ் பிளேயரைப் புதிதாக எழுதியது. 2020 நவம்பரில் இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை எடுத்துக்கொண்டது. நியூகிரவுண்ட்ஸும் எடுத்துக்கொண்டது. பிளக்-இன் எதுவும் இல்லாமல் பழைய ஆட்டங்கள் பலவும் இன்றைய பிரவுசரில் மறுபடி ஓடுகின்றன.

ப்ளாஷ்பாயிண்ட்காரர்களுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது எது தெரியுமா? பழைய சைட்லாக் பூட்டு. ஆட்டம் தன் சொந்த முகவரியைத் தேடும், அந்தத் தளமோ எப்போதோ மூடப்பட்டிருக்கும். கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்யான சர்வரை ஓட்டி, 'நீ உன் பழைய வீட்டில்தான் இருக்கிறாய்' என்று ஆட்டத்தை நம்ப வைத்துத்தான் அதை ஓட்டுகிறார்கள். அதே நேரம் எந்தப் பூட்டும் இல்லாமல் நூறு தளங்களில் திருடிப் போடப்பட்ட ஆட்டங்களுக்கு எங்காவது ஒரு மூலையில் ஒரு காப்பி கிடைத்தது. அன்று செய்தவரின் வயிற்றெரிச்சலுக்குக் காரணமான காப்பிதான் இன்று அவர் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

ஐஓ ஆட்டங்களுக்கு இந்த வசதி இல்லை. பிரவுசரில் வந்து இறங்குவது பாதி ஆட்டம்தான். மீதிப் பாதி கம்பெனியின் சர்வரில் இருக்கிறது, அதை யாரும் காப்பி எடுக்க முடியாது. சர்வைவ்.ஐஓவை நேசித்தவர்கள் அதை விடவில்லை. சர்வர் பக்கத்தைத் தாங்களே புதிதாக எழுதி, கோடை எல்லோருக்கும் திறந்து வைத்து மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். ஆனால் அப்படி உட்கார்ந்து எழுத ஆள் கிடைப்பது எல்லா ஆட்டங்களுக்கும் நடக்காது.

வணிகக் கணக்கில் பார்த்தால் காப்பி என்பது நஷ்டம், அதைப் பூட்டுவது லாபம். கம்பெனிகள் அந்தக் கணக்கைத்தான் போட்டன, தவறென்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கணக்கு அடுத்த மார்ச் 31 வரைக்கும்தான். 1962-ல் காகித நாடாவில் காப்பி எடுத்துக் கைமாறிய ஸ்பேஸ்வாரை இன்றும் ஆடிப் பார்க்கலாம். 2017-ல் வந்த சர்வைவ்.ஐஓவின் அசல் சர்வரை, அதை ஒரு காலத்தில் ஆடிய லட்சக்கணக்கானவர்களில் ஒருவர்கூட இனி ஆட முடியாது.